நூல்நிலைய வாயிலில் ஒரு வினா

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிற் புதியவர் ஒருவர் அடியெடுத்து வைப்பாராயின், சங்கடப்படலையில் நிற்கும் முதியவர் அவரை நோக்கி முதலிற் கேட்பது, "தம்பி எவ்விடம்?" என்னும் வினாவேயாகும். பெயரைக் கேட்பதன் முன்னர் ஊரைக் கேட்பதும், ஊரைக் கேட்டபின் "ஆருடைய பிள்ளை?" என வினவுவதும் நம்மவர் வழக்கம். வந்தவரை நேரில் அறியாராயினும், அவரை அறிந்த குடும்பம் ஒன்றினைத் தாம் அறிவாராயின் முதியவர்க்கு அது போதும். படலை திறக்கும், தண்ணீர்ச் செம்பும் வரும்.

உலகிலுள்ள பெரிய ஆராய்ச்சி நூல்நிலையங்களும் ஏட்டுக் காப்பகங்களும், கணினி வழியாகத் தம் வாயிலுக்கு வரும் அறிஞரை நோக்கி இன்று இதே வினாவையே வினவுகின்றன என்றால் வாசகர் வியப்படையலாம். அவ்வினா தோன்றும் கணினிப் பக்கத்திற்கு வழங்கும் பெயர், "நீர் எவ்விடத்தீர்?" என்னும் பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆயது. அவ்வினா எழுந்த காரணத்தையும், அதற்குரிய விடை சரிபார்க்கப்படும் முறையையும், விடை கூறுதற்கு ஒரு வீடில்லாதார் படும் இடரையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரியிற் பயின்று பல நாடுகளிற் பரந்து வாழும் பழைய மாணவர்க்கும், பல்கலைக்கழகம் புகவிருக்கும் இன்றைய மாணவர்க்கும் இஃது ஒருவாறு பயன்படும் என நம்புகின்றோம்.

ஆராய்ச்சியின் புதிய கருவிகள்

மொழி, இலக்கியம், வரலாறு, தொல்லியல், இசை முதலாய மானுடக் கலைகளை ஆராய்வோர்க்கு முற்காலத்தில் வேண்டியிருந்தவை ஏடும், தாளும், பொறுமையுமேயாம். இக்காலத்தில் அவற்றோடு கணினியும் சேர்ந்துள்ளது. ஒரு நாட்டின் பழைய செய்தித்தாள்களைச் சொல் சொல்லாகத் தேடத்தக்க வகையில் அடக்கிய மொழித்தொகுதிகள், ஓலைச்சுவடிகளின் ஒளிப்படங்கள், அருகிவரும் மொழிகளைப் பேசுவோரின் குரற்பதிவுகள், ஒரு சொல் எந்நூற்றாண்டில் எப்பொருளில் வழங்கிற்று என நொடிப்பொழுதில் எடுத்துக்காட்டும் அகராதிகள் ஆகிய இவையெல்லாம் எண்ணிம வடிவிற் சேமிக்கப்பட்டுள்ளன. இவற்றைக்கொண்டு செய்யப்படும் ஆராய்ச்சியையே எண்ணிம மானுடக் கலைகள் என்கின்றனர்.

இச்செல்வங்கள் ஓரிடத்தில் இல்லை. ஐரோப்பாவில் மொழி வளங்களை ஒருங்கிணைக்கும் கிளாரின் என்னும் அமைப்பு 2012 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணைக்குழுவின் தீர்மானத்தாற் சட்டபூர்வமான நிறுவனமாயிற்று. அதன் தலைமையகம் நெதர்லாந்தின் உத்ரெக்ற் நகரில் உள்ளது. கலைத்துறைகள் அனைத்திற்கும் பொதுவான டாரியா என்னும் அமைப்பு 2014 இல் அவ்வாறே நிறுவப்பட்டது. இவை தனித்த மாளிகைகள் அல்ல. பல நாடுகளிலுள்ள பல்கலைக்கழகங்களும் காப்பகங்களும் தத்தம் பொருளைத் தத்தம் இடத்திலேயே வைத்துப் பேணிக்கொண்டு, பிற நாட்டறிஞரும் அவற்றைப் பயன்படுத்துமாறு செய்துகொண்ட ஏற்பாடுகள் என்க. ஆகவே கதவுகள் பலவாயின. அவற்றைத் தட்டும் அறிஞரோ ஒருவர்.

வாயில் எதற்கு?

"அறிவுக்கு வாயிலும் காவலும் எதற்கு? எல்லார்க்கும் திறந்துவிடலாகாதா?" எனச் சிலர் வினவுவர். திறந்துவிடத் தக்கவற்றைத் திறந்துவிடுதலே முறை. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூல்நிலையம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பெரும்பாலும் கடவுச்சொல் எதுவுமின்றி எவரும் படிக்குமாறு வைத்திருத்தலை வாசகர் அறிவர். அதனாற் பயன் பெறாத ஈழத்துத் தமிழ் ஆராய்ச்சியாளர் இன்று அரியர்.

எனினும் எல்லாவற்றையும் அங்ஙனம் திறத்தல் இயலாது. சில தொகுதிகளுக்குப் பதிப்புரிமை உண்டு. உரிமையாளர், "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்னும் நிபந்தனையுடனேயே அவற்றைத் தந்திருப்பர். வேறு சில, மனிதர் மனம் விட்டுப் பேசிய பேச்சுக்கள். ஒரு மூதாட்டி தன் குலத்தார்க்கே உரிய சடங்குப் பாடலை ஆராய்ச்சியாளர் ஒருவரை நம்பிப் பாடியிருப்பாள். அது சந்தையில் ஒலிப்பதை அவள் விரும்பாள். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங் ஆய்வுநிலையத்தின் மொழிக் காப்பகத்தில் இத்தகைய பதிவுகள் மிகப் பல. அவற்றுட் சில தொகுதிகள் 2015 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. அங்கே சில பதிவுகள் எவர்க்கும் திறந்துள்ளன. சில பதிவு செய்துகொண்டோர்க்கு. சில உரியவரின் அனுமதி பெற்றோர்க்கு மட்டுமே.

கிளாரின் அமைப்பினர் இவ்வேறுபாட்டை மூன்று வகையாகத் தொகுத்துள்ளனர். எவர்க்கும் உரியது ஒருவகை. கல்வி நிறுவனங்களைச் சார்ந்தோர்க்கு உரியது இரண்டாவது. தனித்தனியே விண்ணப்பித்து அனுமதி பெற்றோர்க்கு உரியது மூன்றாவது. முதல்வகைக்கு வாயில் வேண்டா. இரண்டாவதற்கு, வருபவர் எவ்வீட்டார் என அறிந்தாற் போதும். மூன்றாவதற்கோ, அவர் இன்னார் என்றே அறிதல் வேண்டும்.

இது புதிய வழக்கமும் அன்று. 1602 இல் வாசகர்க்குத் திறக்கப்பட்ட ஒக்ஸ்போட் பொட்லியன் நூல்நிலையத்திற் புதிய வாசகர் ஒவ்வொருவரும், நூல்களைக் கெடுப்பதில்லை எனவும், நூல்நிலையத்துள் நெருப்பைக் கொண்டுசெல்வதோ மூட்டுவதோ இல்லை எனவும் உறுதிமொழி கூறியே நுழைவர். யார் என அறிதல், நிபந்தனைக்கு உடன்படச் செய்தல், அதன் பின்னர் நூலைக் கையிற் கொடுத்தல் என்னும் மூன்றும் அன்றே இருந்தன. இன்று வாசகரை நேரிற் காண்பதில்லை என்பதே வேறுபாடு.

சாவிக்கொத்தின் சுமை

கணினி வழியே வருபவரை அறிதற்கு முதலிற் கையாண்ட முறை, ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தலாகும். பத்துக் காப்பகங்களில் வேலை செய்வார்க்குப் பத்துக் கடவுச்சொற்கள். மனிதர் இயல்பு யாதெனின், பத்தையும் நினைவில் வைத்தலரிதாகலின் ஒன்றையே பத்திடத்தும் வழங்குதல். ஓரிடத்தில் அது களவு போயின் பத்திடத்துக் கதவுகளும் ஒருங்கே திறந்துவிடும். காப்பகத்தார்க்கும் தொல்லையே. தூரதேசத்திலிருந்து விண்ணப்பிப்பவர் உண்மையில் ஆராய்ச்சியாளர்தாமா என அவர் எங்ஙனம் அறிவார்? ஈராண்டு கழிந்தபின் அவர் அப்பல்கலைக்கழகத்தில் இன்னும் உள்ளாரா என்பதை யார் வந்து சொல்வார்?

மற்றொரு முறை, பல்கலைக்கழகத்தின் வலையமைப்பு எண்ணைக் கொண்டு கதவைத் திறத்தல். வளாகத்துள் இருப்பார்க்குக் கதவு திறக்கும். வீட்டிலிருந்து படிப்பார்க்குத் திறவாது. அன்றியும், வளாகத்திலிருந்து ஒருவர் வந்தார் என அறியலாமேயன்றி, வந்தவர் பேராசிரியரா, வழிப்போக்கரா என அறிதற்கில்லை. பிரித்தானியாவில் 1990 களின் நடுப்பகுதியிற் பாத் பல்கலைக்கழகத்திலே தோன்றிய 'அதென்ஸ்' என்னும் ஏற்பாடு, ஒரே கணக்கினாற் பல சேவைகளுட் புகுமாறு செய்து இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது. ஆயினும் எல்லாருடைய கணக்கும் ஒரே நடுவிடத்திற் குவிந்திருந்தமையால், ஒரு நாட்டுக்குப் பொருந்திய அம்முறை நாடுகள் பலவற்றுக்கு விரிதல் எளிதன்று.

வீடுகளின் சமஷ்டி

இனி, இன்று வழங்கும் முறையைக் கூறுவோம். இதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நம் அரசியல் மேடைகளிற் 'சமஷ்டி' என மொழிபெயர்க்கப்பட்டு நம்மனைவர்க்கும் பழகிய சொல்லேயாகும். ஒவ்வொரு வீடும் தன் ஆட்சியைத் தானே வைத்துக்கொண்டு, பொதுவாக உடன்பட்ட சில விதிகளின்படி மற்றை வீடுகளோடு ஒழுகுதல் என்பது இங்கும் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். பின்லாந்தில், ஹெல்சிங்கியை நடுவாகக் கொண்டு 'மொழி வங்கி' என்னும் காப்பகம் ஒன்று உண்டு. ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவி ஒருத்தி அங்குள்ள மொழித்தொகுதி ஒன்றினைத் தேடி அதன் பக்கத்தைத் திறக்கின்றாள் என்க. மொழி வங்கி அவளிடம் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை, "எவ்விடம்?" என்று மட்டும் கேட்கின்றது. ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் பட்டியலில் அவள் தன் பல்கலைக்கழகத்தைத் தெரிகின்றாள். உடனே அவளது கணினித் திரை அவளைத் தன் சொந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலுக்குக் கொண்டுசெல்கின்றது. அங்கே அவள் வழக்கமான தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கின்றாள். அவளை அறிந்துகொண்ட தாய்நிறுவனம், "இவள் எம்மவள், எம் மாணவி" என ஒரு சான்றுமொழி எழுதி, தன் முத்திரையிட்டு, அவள் கையிலேயே கொடுத்து மொழி வங்கிக்கு மீள அனுப்புகின்றது. மொழி வங்கி முத்திரையைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கின்றது. இவ்வளவும் சில நொடிகளில் நிகழ்ந்துவிடும்.

இதில் மூன்று நுட்பங்கள் கவனித்தற்குரியன. முதலாவது, அவளது கடவுச்சொல் வீட்டைவிட்டு வெளியே செல்லவேயில்லை. மொழி வங்கியார் அதனை ஒருபோதும் அறியார். இரண்டாவது, அம்முத்திரை கணித நெறியால் ஆயது. உரியவரன்றிப் பிறர் அதனை இடுதல் இயலாது. ஆயின், இடப்பட்டதனை எவரும் சரிபார்க்கலாம். எந்த வீட்டின் முத்திரை எத்தகையது என்பதைக் கூட்டமைப்பார் ஒரு பொதுப் பதிவேட்டில் எழுதி எல்லா உறுப்பினர்க்கும் வழங்குவர். அப்பதிவேடே இம்முறையின் உயிர்நாடி. மூன்றாவது, சான்றுமொழி ஒரு சேவைக்கென்றே முகவரியிடப்பட்டு, சில நிமிடங்களிற் காலாவதியாகிவிடும். ஆகலின் அதனைக் களவாடி வேறு வாயிலிற் காட்டுதல் பயன்படாது.

இச்சான்றுமொழியை எழுதும் பொது நடை 'சாமல்' எனப்படும். அதன் முதற்பதிப்பு 2002 இலும், இன்றுவரை பெருவழக்கிலுள்ள இரண்டாம் பதிப்பு 2005 இலும் வெளிவந்தன. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய 'ஷிபொலெத்' என்னும் மென்பொருள் இதனைப் பரப்பிற்று. அமெரிக்காவில் 2004 இலும், பிரித்தானியாவில் 2006 இலும் தேசியக் கூட்டமைப்புகள் எழுந்தன. தேசியக் கூட்டமைப்புகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைக்கும் 'எடுகெயின்' என்னும் பெருங் கூட்டமைப்பு 2011 இற் சேவைக்கு வந்தது. பல்கலைக்கழக மாணவர் கைத்தொலைபேசியில் வழங்கும் 'எடுரோம்' என்னும் கம்பியில்லா இணைப்பும் இதன் உடன்பிறப்பே. வேற்றூர்ப் பல்கலைக்கழகத்திற் காலடி வைத்தவுடன் தொலைபேசி தானே இணைந்துகொள்வது, தாய்நிறுவனம் தூரத்திலிருந்து சான்று கூறுவதனாலேயாம்.

நற்சான்றிதழும் அதன் அளவும்

ஆளை அறிதல் வேறு. அவர்க்கு அனுமதியளித்தல் வேறு. இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளலாகாது. "இவர் இன்னார்" எனக் கூறுதல் தாய்நிறுவனத்தின் கடமை. "இன்னார்க்கு இவ்வறை திறக்கலாம்" எனத் தீர்மானித்தல் பொருளுக்குடைய காப்பகத்தின் உரிமை. முன்கூறிய மொழி வங்கியில், மூன்றாம் வகைத் தொகுதியை விரும்புவார் வாயிலைக் கடந்தபின்னும் மின்வழி விண்ணப்பம் ஒன்றினை எழுதி, ஆராய்ச்சியின் நோக்கத்தைக் கூறி, நிபந்தனைகளுக்கு உடன்படல் வேண்டும். அதன் பின்னரே அவ்வறை திறக்கும்.

ஆயின், தாய்நிறுவனம் எவ்வளவு கூறல் வேண்டும்? கல்லூரியை விட்டு நீங்குங்கால் அதிபர் தரும் நற்சான்றிதழை நினைத்துப் பாருங்கள். மாணவனின் பெயர், பயின்ற காலம், ஒழுக்கம் என்பனவே அதில் இருக்கும். அவன் தந்தையாரின் கடனையோ, அவன் எட்டாம் வகுப்பில் வாங்கிய பிரம்படியையோ அதில் எழுதுவாரிலர். கணினிச் சான்றுமொழியும் அத்தகையதே. பெயர், மின்னஞ்சல், மாணவரா ஆசிரியரா என்னும் நிலை முதலிய பண்புக்குறிப்புகளை எவ்வெப்பெயரால் வழங்குவது என்பதற்கு 2001 முதல் ஒரு பொதுப் பட்டியல் உண்டு. சேவைக்கு வேண்டியனவற்றை மட்டும் கொடுத்து, வேண்டாதவற்றை மறைத்தலே நெறி. பெயரையே சொல்லாது, "எம் மாணவருள் ஒருவர்" என்று மட்டும் சான்று கூறவும் வழியுண்டு. ஒருவர்க்கு ஒவ்வொரு காப்பகத்திலும் வெவ்வேறான குறியெண் வழங்கினால், காப்பகங்கள் தம்முட் கூடி அவர் எங்கெங்கே எவ்வெவற்றைப் படித்தார் எனக் கோத்துப் பார்த்தலும் இயலாது. வாசிப்பவனின் தனிமையைக் காத்தல் நூல்நிலையத்தின் பழைய அறங்களுள் ஒன்றன்றோ?

ஆயின் அளவு மிஞ்சினாற் காப்பே தடையாகும். கிளாரின் அமைப்பினர் பல்லாண்டு பட்ட இடர் இதுவே. அறிஞர் தம் வீட்டு வாயிலிற் சரியாகவே கடவுச்சொல்லைக் கொடுப்பார். தாய்நிறுவனமும் முத்திரையிட்டு அனுப்பும். ஆனால் பெயரோ, மின்னஞ்சலோ, மறுமுறை அவரை அடையாளங் காணுதற்குரிய குறியெண்ணோ சான்றுமொழியில் இராது. அவரை யார் எனக் கொள்வது எனக் காப்பகம் அறியாது. நேற்றுத் தாம் சேமித்துவைத்த குறிப்புகளை இன்று அவர் காணமாட்டார். நற்சான்றிதழில் முத்திரை மட்டும் இருந்து, எழுத்து ஒன்றும் இல்லாமை போன்றது இது. காரணம், கணினிப் பிரிவினரின் அச்சம். பிற நாட்டுக்குத் தம் மாணவரின் விவரத்தை அனுப்பினாற் சட்டம் என்ன சொல்லுமோ என அஞ்சி, ஒன்றும் அனுப்பாதிருத்தலே பாதுகாப்பு என அவர்கள் துணிந்தனர்.

இத்தடையை நீக்குதற்குப் பல முயற்சிகள் நடந்தன. பௌதிகவியலாரும், உயிரியலாரும், மானுடக் கலையாரும் பிறரும் ஒருங்கு கூடித் தம் தேவைகளை 2012 இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். பெற்ற விவரங்களை வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை எனச் சேவை நிலையங்கள் உறுதி கூறும் ஒழுக்கக்கோவை ஒன்று 2013 இல் வகுக்கப்பட்டது. அஃது ஒக்ஸ்போட் வாசகரின் உறுதிமொழியைப் போன்றதே. ஆயின் ஈண்டு உறுதி கூறுவது வாசகரன்று, நூல்நிலையம். ஆராய்ச்சிக்கும் கல்விக்குமே உழைக்கும் சேவைகளைத் தனி வகையாகக் குறித்து, அவற்றுக்குப் பெயரும் மின்னஞ்சலும் குறியெண்ணும் தயங்காது கொடுக்கலாம் என்னும் ஏற்பாடும் பின்னர் உண்டாயிற்று. இவ்வேற்பாடுகளை ஏற்ற பல்கலைக்கழகங்களின் அறிஞர்க்குக் கதவு திறக்கின்றது. ஏலாதவற்றின் அறிஞர் இன்னும் வாயிலிலே நிற்கின்றனர். கதவு திறப்பதும் திறவாததும் அறிஞரின் தகுதியைப் பொறுத்ததன்று. அவர்தம் வீட்டின் அக்கறையைப் பொறுத்தது என்பது இதனாற் புலனாகும்.

வீடற்றார்

வீடுள்ளார் நிலை இதுவாயின், வீடே இல்லாதார் நிலை என்னாம்? எமக்கே நேர்ந்த ஒன்றினை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். பல்கலைக்கழகம் ஒன்றிற் பல்லாண்டு ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற மாத இறுதியில் எம் கணினிக் கணக்கும் முடிந்தது. அப்பொழுது யாம் வெளிநாட்டுக் காப்பகம் ஒன்றின் மொழித்தொகுதியைக்கொண்டு சொல்லாராய்ச்சி ஒன்றினை அரைவாசி முடித்திருந்தோம். முன்னாள் திறந்த கதவு மறுநாள் திறக்கவில்லை. யாம் மாறவில்லை; எம் குறிப்பேடுகள் மாறவில்லை; எமக்குச் சான்று கூறும் வீடு மட்டும் வாய் மூடிக்கொண்டது. பலமுறை எழுதியபின், அக்காப்பகத்தார் தாமே எமக்கு ஒரு தனிக் கணக்கினைத் தந்தனர். எஞ்சிய வேலையை முடித்தோம். ஆயினும் இடையிற் கழிந்த மாதங்களில், இத்தகைய கதவுகளுக்கு வெளியே எத்தனை பேர் நிற்பர் என்னும் எண்ணம் எம்மை விட்டகலவில்லை.

நம் நாட்டிற் பழந்தமிழ் ஆராய்ச்சியிற் பெரும்பகுதி பல்கலைக்கழகச் சுவர்களுக்குப் புறத்தே நிகழ்ந்தது என்பதனை நாம் அறிவோம். பாடசாலை ஆசிரியர், எழுதுவினைஞர், ஓய்வு பெற்ற தபாலதிபர், வைத்தியர் எனப் பலர் தம் திண்ணையிலிருந்தே ஏடு பார்த்தனர். அவர்க்கெல்லாம் இன்று "எவ்விடம்?" எனக் கேட்டால், பட்டியலிற் காட்ட ஒரு பெயர் இராது. இக்குறையை உணர்ந்தே கிளாரினும் டாரியாவும் நிறுவனம் சாராத ஆராய்ச்சியாளர்க்குத் தாமே கணக்குகளை வழங்குகின்றன. 2012 இல் தொடங்கிய 'ஓர்கிட்' என்னும் பதினாறிலக்க ஆராய்ச்சியாளர் எண்ணும் ஒருவாறு துணை செய்கின்றது; நிறுவனம் மாறினும், ஓய்வு பெற்றாலும், அவ்வெண் மாறுவதில்லை. எனினும் அதனை எவரும் தாமே பதிந்துகொள்ளலாமாகலின், அது பெயரைக் காட்டுமேயன்றித் தகுதிக்குச் சான்று கூறாது. ஆகவே வீடற்றார் தகுதியை ஆராய்ந்து துணிய, இயந்திரத்திற்குப் பதிலாக ஒரு மனிதர் அமர்ந்து விண்ணப்பத்தைப் படித்தல் வேண்டியுள்ளது. அதற்குப் பொழுதும் பொருளும் செலவாகும். அச்செலவை வீண் என்று கருதும் நிறுவனம், தன் சிறந்த வாசகர் சிலரை இழக்கும்.

காவலும் கவனமும்

ஒரு திறவுகோலாற் பல கதவு திறக்குமாயின், அத்திறவுகோல் பிறர் கையிற் சிக்கினாற் கேடும் பலவாகும். ஆகலின் கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசி வழியாக இரண்டாவது சான்றொன்றையும் கேட்டல் இப்பொழுது பெருகி வருகின்றது. இதன் இன்றியமையாமையை 2023 ஒக்ரோபர் மாதத்தில் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூல்நிலையத்திற்கு நேர்ந்த துயரம் காட்டிற்று. கணினிக் கள்வர் உட்புகுந்து தரவுகளைக் கவர்ந்து, எஞ்சியவற்றைப் பூட்டிவிட்டனர். நூற்பட்டியலைத் தானும் மீண்டும் தேடத்தக்க வடிவிற் காண வாசகர் 2024 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. நூல்நிலையத்தார் தாமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, வெளியார் தொலைவிலிருந்து நுழைதற்கென வைத்திருந்த கணினி வழியாகவே கள்வர் புகுந்திருத்தல் கூடும் எனவும், அவ்வாயிலில் இரண்டாவது சான்று கேட்கும் ஏற்பாடு இருக்கவில்லை எனவும் கூறுகின்றது. இது சமஷ்டி முறையின் பிழையன்று. வாயில் ஒன்றினைக் காவலின்றி விட்டதன் விளைவு. ஆயினும் படிப்பினை எல்லார்க்கும் பொது.

மாணவர்க்கு இரண்டு சொற்கள். கடவுச்சொல்லைக் கேட்கும் பக்கம் உமது தாய்நிறுவனத்தின் பக்கந்தானா என முகவரியைப் பார்த்த பின்னரே எழுதுக. போலி வாயில்கள் பல. பொதுக் கணினியில் வேலை முடித்தபின், காப்பகத்திலிருந்து வெளியேறினாற் போதாது. தாய்நிறுவனத்தின் கதவு இன்னும் திறந்தே இருக்கும். அதிலிருந்தும் வெளியேறி, உலாவியை முற்றாக மூடிவிட்டு எழுக.

ஒரு சொல்லின் வரலாறு

முன்னர்க் கூறிய மென்பொருளின் பெயர் யாண்டிருந்து வந்தது என அறிதல் நன்று. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் ஒரு வரலாறு உண்டு. போரில் தோற்றோடிய எப்பிராயீமர் யோர்தான் ஆற்றைக் கடக்க வந்தபொழுது, துறையைக் காத்து நின்ற கீலேயாத்தியர், வந்தவர் ஒவ்வொருவரையும் 'ஷிபொலெத்' என்னும் சொல்லைச் சொல்லுமாறு கேட்டனர். எப்பிராயீமர் நாவில் அது 'சிபொலெத்' என்றே வந்தது. அங்ஙனம் கூறியவர் அங்கேயே கொல்லப்பட்டனர். மாண்டோர் 42,000 பேர் என அந்நூல் கூறும். வாயிலில் ஆளறியும் கருவிக்கு இப்பெயர் பொருத்தமே, ஆயினும் அச்சந்தருவது.

எமக்கு இவ்வரலாறு தொலைநாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. 1983 யூலைக் கலவரத்தின்போது, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி ஆளறிந்தனர் என அதனின்றும் தப்பி வந்த பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். நாவிலிருந்து பிறப்பை அறிந்து பகை தீர்த்த வாயில் அது. ஆராய்ச்சி நூல்நிலையத்தின் வாயில் அதன் நேர் எதிராய் அமைதல் வேண்டும். வருபவரின் இனத்தையும், மொழியையும், நாட்டையும் அது கேட்கலாகாது, "இப்பொருளை நெறியோடு பயன்படுத்துவீரா? அதற்குச் சான்று கூறுவார் உளரா?" என்பதனையே கேட்டல் வேண்டும். சான்று கூறுவார் இல்லாதவிடத்து, அவரைத் துரத்தாது, சான்று பெறும் வழியையும் காட்டல் வேண்டும். ஒரே கருவி அடைக்கவும் திறக்கவும் வல்லது. எதற்குப் பயன்படும் என்பதை நிருணயிப்பது அதன் விதிகளை எழுதுவோர் மனம்.

நம் கடமை

நம் நாட்டிலும் இவ்வழி திறந்தே உள்ளது. இலங்கைப் பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் இணைக்கும் 'லேர்ண்' என்னும் வலையமைப்பார் 'லியாவ்' என்னும் அடையாளக் கூட்டமைப்பினை நடத்துகின்றனர். அது முன்கூறிய எடுகெயினோடும் இணைந்தது. ஆகலின் அதிற் சேர்ந்த பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர், தம் அறையிலிருந்தே ஐரோப்பியக் காப்பகத்தின் படலையைத் தட்டித் தம் ஊரைச் சொல்லலாம். சொன்ன ஊர்க்கு மறுமொழி கிடைக்குமா என்பது, முன்னர்க் காட்டியவாறு, அப்பல்கலைக்கழகம் வேண்டிய பண்புக்குறிப்புகளைக் கொடுக்குமாறு தன் கணினியை ஒழுங்கு செய்துள்ளதா என்பதனைப் பொறுத்தது. அது பெரும் பொருட்செலவன்று. பொறுப்புள்ளோர் சிறிது முயன்றாற் கைகூடுவது.

நம் பழைய மாணவருட் பலர் பல்கலைக்கழகங்களிற் பேராசிரியராகவும், நூலகராகவும், கணினி வல்லுநராகவும் விளங்குகின்றனர். அவர்கட்கு எம் வேண்டுகோள் இரண்டு. உமது நிறுவனத்தின் சான்றுமொழி வெறுந்தாளாய்ச் செல்லாது, அளவோடு நிறைந்து செல்லுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்று நீங்கும் ஆசிரியர்க்கும் வேலையை முடிக்க ஒரு கதவு திறந்திருக்குமாறு விதி செய்யுங்கள். மாணவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. நம்பிக் கொடுக்கப்பட்ட திறவுகோலைப் பிறர்க்கு இரவல் கொடாதீர்கள். ஒருவர் நம்பிக்கை கெடுத்தால், அவர் வீட்டார் அனைவர்க்கும் படலை மூடப்படும்.

இக்கல்லூரி மாணவனென ஒருவன் கூறிய அளவிலேயே மதிப்பளித்தோர் பலர். நம்மை நேரில் அறியாதாரும் நம் கல்லூரியை அறிந்து நம்மை நம்பினர். அந்நம்பிக்கை நமக்கு முன்னிருந்தோர் ஈட்டிவைத்த முதல். நூல்நிலைய வாயிலில் இன்று கணினி கேட்கும் வினாவிற்கும் விடையாய் நிற்பது அத்தகைய முதலே. அதனைக் குறையாது காத்து, நமக்குப் பின் வருவார் கையிற் கொடுப்போமாக.